பயன் சொல்லி முடியும்வரை

உ
சிவமயம்

எடுத்த கருமம் இடையில் முறியாது காக்கும் மூத்த பிள்ளையே, நின் திருவடி என் தலைமேல் இருக்கட்டும். வேல் தாங்கிய இளைய பெருமானே, என் நாவில் நின்று மெய்யை மட்டும் எழுதுவிப்பாயாக. இக்கொப்பியில் நலம் ஏதும் இருந்தால் அது உனது. பிழை அனைத்தும் எனது.

06.07.2024, சனி

அறநெறி ஆசிரியர் சான்றிதழ் வகுப்பில் இன்று ஐந்தாம் நாள். எழுபத்து நான்கு வயதில் கொப்பியும் பேனையும் கொண்டு கோப்பாய்ச் சபை மண்டபத்துக்குப் போய் வருகிறேன். சான்றிதழால் எனக்கு ஆவதொன்றும் இல்லை. மனையாள் மறைந்த பின் சனிக்கிழமைகள் நீண்டு போயின. வேறு காரணம் கிடையாது.

தயாளினி ஆசிரியை என் மகளிலும் இளையவர். கதிரைகளைத் திருப்பி, நால்வர் நால்வராக முகம் பார்த்து இருக்கச் செய்தார். என் குழுவில் என்னைத் தவிர மூவர். பண்டத்தரிப்பிலிருந்து வரும் பூரணம், ஐம்பது வயதினர், பேசுவது அரிது. முன்பள்ளி ஆசிரியை தக்சாயினி. பட்டதாரியான மயூரதன், வாய் ஓயாதவன்.

பெரிய தாளொன்றைத் தந்து, பிரார்த்தனையின் பயன்களை நால்வரும் கலந்து எழுதும்படி சொன்னார். கலந்து பேசி நேரம் போக்குவானேன் என்று நானே எழுதி முடித்தேன். ஆசிரியை வந்து பார்த்துச் சொன்னார்:

"எழுத்து நல்ல வடிவு, ஐயா. மற்ற மூண்டு பேரின்ரை எழுத்து எங்கை?"

எனக்குச் சினம் வந்தது. சரியானதை ஒருவன் எழுதினால் என்ன, நால்வர் எழுதினால் என்ன?

13.07.2024, சனி

இன்று ஆசிரியை ஒரு பேணி நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தார். ஆளுக்கு ஐந்து. ஒரு தடவை பேசினால் ஒன்றை மேசை நடுவே வைக்க வேண்டும். கை வெறுமையானால் வாய் திறக்கலாகாது. மற்றவர்கள் முடிக்கும்வரை கேட்டிருக்க வேண்டும்.

பத்து நிமிடத்துக்குள் என் ஐந்தும் நடுவே கிடந்தன.

"என்னட்டை ரெண்டு கிடக்கு ஐயா, எடுங்கோவன்," என்றான் மயூரதன்.

"கொட்டை மாறுறேல்லை, தம்பி," என்றார் ஆசிரியை, அடுத்த குழுவில் நின்றபடியே. மண்டபம் முழுதும் சிரித்தது.

நான் வாய் பொத்தி இருந்தேன். தக்சாயினி ஒரு பிழையான கருத்தைச் சொன்னார், திருத்த முடியவில்லை. பிறகு அவரே அதைத் திருத்திக்கொண்டார். அது எனக்கு வியப்பாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

நேரம் முடிந்தபோது பூரணம் பொத்திய கையைத் திறந்தார். ஐந்தும் அப்படியே இருந்தன. வியர்வையில் நனைந்து மினுங்கின.

வீட்டுக்கு வந்து தங்கை இராசமலரிடம் சொன்னேன். "அந்த ரீச்சரை நாளைக்கு இஞ்சை கூட்டிவாங்கோ அண்ணை, அந்தப் பேணியோடை. முப்பது வரியமாய் நான் தேடின சாமான் அது," என்றாள்.

20.07.2024, சனி

தேநீர் வேளையில் பூரணத்திடம் விசாரித்தேன். அம்மன் கோயில் மடத்தில் பதினேழு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தனி ஒருவராக அறநெறி வகுப்பு நடத்துகிறார். இப்போது பத்தொன்பது பிள்ளைகள். ஆண்டு முடிவுக்குள் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவரின் பெயரில் பதிவு செய்யாவிடில் மடத்து வகுப்பு மூடப்பட்டு, பிள்ளைகள் அடுத்த ஊர் வகுப்போடு சேர்க்கப்படுவார்கள்.

"அங்கை ஆரும் விடாயினம், ஐயா. பெரிய றோட்டுக் கடக்கோணும். வகுப்பு நிண்டால் நிண்டதுதான்."

இடப்பெயர்வில் பத்தாம் வகுப்போடு படிப்பு முறிந்ததாம். அடுத்த சான்றிதழ் வகுப்பு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

17.08.2024, சனி

கார்த்திகையில் நடக்கும் செய்முறைப் பரீட்சைக்கு எங்கள் குழு புராணப் படிப்பை எடுத்துக்கொண்டது. யோசனை என்னுடையது. மயூரதன் கேட்டான்: "கோயில்லை ஸ்பீக்கரிலை போகுமே, அதுதானே? ஒராள் பாடுறார், ஒராள் கதைக்கிறார்."

விளக்கினேன். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். வாசித்து நிறுத்தியதும் மற்றவர் அதன் பொருளைச் சொல்லுவார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். பயன் முடிந்த பின்பே அடுத்த பாட்டு. இருவரில் ஒருவர் இல்லாவிடில் படிப்பு இல்லை.

"அப்ப இது பழைய காலத்துக் குறூப் வேர்க்," என்றான்.

தக்சாயினி கதையைப் படம் காட்டிச் சொல்வார். நான் வாசிப்பேன். பூரணம் பயன் சொல்வார். மயூரதன் பிள்ளைகளைப் போலக் கேள்வி கேட்பான். "நாலு பேருக்கும் ஒரே புள்ளி. வராத ஆளுக்குப் புள்ளி இல்லை," என்றார் ஆசிரியை.

பயன் சொல்வதென்றதும் பூரணம் தயங்கினார். "எனக்குப் பண்டிதத் தமிழ் வராது, ஐயா. மடத்திலை பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரித்தான் சொல்லுவன்."

"அப்பிடியே சொல்லுங்கோ," என்றேன். பண்டிதத் தமிழை விரும்பும் நானே சொன்னேன்.

18.08.2024, ஞாயிறு

நேற்று எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். இருவரில் ஒருவர் இல்லாவிடில் படிப்பு இல்லை. எவ்வளவு இலகுவாக எழுதிவிட்டேன்!

எங்கள் பிள்ளையார் கோயிலில் இருபத்திரண்டு ஆண்டுகள் நான் வாசிக்கத் தில்லைநாதன் பயன் சொன்னார். வெங்காயத் தோட்டம் செய்தவர். ஏட்டுப் படிப்புக் குறைவு. பாட்டு அவருக்குள் இறங்கிப் போய், தோட்டத்து மண்ணோடு வெளியே வரும். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பாட்டில் இல்லாததைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டைத் தொடங்கினேன். ஊரே கேட்க, ஒலிபெருக்கியில். அவர் சால்வையை மடித்துத் தோளில் இட்டு எழுந்து போனார். மறுநாள் வரவில்லை. அதன் பின் வரவேயில்லை.

அவருடைய வீடு கோயில் வீதியில் இரண்டாவது. நான் அந்த வாசற் படலையைக் கடந்துதான் நாள்தோறும் கோயிலுக்குப் போகிறேன்.

12.10.2024, சனி

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது.

இன்று எல்லாக் குழுக்களும் கூடிய ஒத்திகை. ஏறக்குறைய முப்பது பேர். நல்லறிவு சொன்ன தம்பியைச் சூரன் இகழ்ந்து பேசுகிறான். இகழப்பட்ட தம்பியோ, ஊழ் இதுதான் என்று தேறி, தமையனை விட்டு நீங்காமல் அவனுக்காகவே போருக்குப் போகிறான். அந்த இடம். வாசித்து நிறுத்தினேன். பூரணம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி எழுந்தார்.

"பிள்ளையள், நல்லது சொன்ன தம்பிக்குத் தமையன்காரன் ஏசிப்போட்டான். எண்டாலும் தம்பி விட்டிட்டுப் போகேல்லை. கோவத்திலை சோத்துக் கோப்பையைத் தள்ளிவிட்ட ஆளுக்கும் அடுத்த நேரம் சோறு போடுறம்தானே. அது மாதிரி..."

ஊழின் வலிமை எங்கே, சோற்றுக் கோப்பை எங்கே என்று எனக்குள் ஒன்று கொதித்தது. அடுத்த பாட்டைத் தொடங்கினேன். நல்ல குரல் எனக்கு இன்னும் உண்டு. மண்டபம் நிறைந்தது.

பாட்டு முடிந்து நிமிர்ந்தபோது பூரணம் நின்றபடியே இருந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. பிறகு, அன்று செலவிடாமல் வைத்திருந்த தன் ஐந்து புளியங்கொட்டைகளையும் என் புத்தகத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தக்சாயினி பின்னால் ஓடினார். ஆசிரியை என்னைப் பார்த்தார், பிறகு அடுத்த குழுவை அழைத்தார்.

முப்பத்தாறு ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். கள்ளச்சாட்சி என்று முகத்தில் எழுதியிருந்தவனின் சொல்லைக்கூட இடையில் வெட்டியதில்லை. அவன் முடிக்கும்வரை நின்று, அப்படியே திருப்பிச் சொன்னேன். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? அங்கே நீதவான் இருந்தார். அதனாலா? முருகா, என்ன செய்து போட்டன் நான்—

19.10.2024, சனி

பூரணம் வரவில்லை.

26.10.2024, சனி

இன்றும் இல்லை. தக்சாயினியின் அழைப்பையும் எடுக்கிறார் இல்லையாம்.

இரண்டு நாள் இருந்து, பிழை பொறுக்கும்படி வெண்பா ஒன்று எழுதித் தபாலில் சேர்த்தேன். தளை தட்டாமல் நன்றாக அமைந்தது. மயூரதனிடம் படித்துக் காட்டினேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "மன்னிப்புக் கேக்கிறியளோ ஐயா, வினாத்தாள் அனுப்புறியளோ? கீழை பொழிப்பும் போட்டு விட்டிருக்கலாம்."

முதன்முறையாக அவன் சிரிக்காமல் பகிடி விட்டான்.

02.11.2024, சனி

வெண்பா திரும்பி வந்தது. அதே தாளின் அடியில், பென்சிலால்:

"ஐயா, எனக்கு இது விளங்கேல்லை. சோதினைக் கேள்வியோ தெரியாது. நான் இனி வரமாட்டன். பூரணம்."

அறியாதவர் என்று அவமதித்த பின், அறிய முடியாத சொல்லில் பொறுக்கக் கேட்டிருக்கிறேன். என் தமிழை நானே காதலித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இராசமலர் தாளை வாங்கிப் பார்த்தாள். "பண்டத்தரிப்புக்குப் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம், அண்ணை," என்றாள். நான் பஸ் ஏறவில்லை. கந்தசட்டிப் படிப்பு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

05.11.2024, செவ்வாய்

சட்டி விரதம். கோயிலில் வாசித்தேன். புதிதாகப் பயன் சொல்லும் ஆசிரியர் அச்சிட்ட உரையைப் பார்த்து அப்படியே ஒப்புவிக்கிறார். பிழை இல்லை. ஒன்றும் இல்லை.

தில்லைநாதனுக்குச் சுகமில்லை, படுக்கையோடு என்று பேசிக்கொண்டார்கள். திரும்பும்போது அவருடைய வீட்டுப் படலையில் கை வைத்தேன். உள்ளே யன்னல் ஒன்று திறந்திருந்தது. நோன்பு முடியட்டும் என்று வந்துவிட்டேன்.

23.11.2024, சனி

பரீட்சை. மழை. பூரணத்தின் கதிரையை எடுத்து அப்பால் வைக்கப் போனான் மயூரதன், தக்சாயினி தடுத்தார். வெறுங்கதிரையோடு நால்வராக இருந்தோம்.

பயன் சொல்வது மயூரதன் பொறுப்பாயிற்று. நான் வாசித்து நிறுத்தினேன். அவன் என்னைப் பாராமல் தொடங்கினான்: "கோவத்திலை சோத்துக் கோப்பையைத் தள்ளிவிட்ட ஆளுக்கும் அடுத்த நேரம் சோறு போடுறம்தானே. அது மாதிரி..." சற்று நின்றான். அதற்கப்பால் அவனுக்கும் தெரியாது. "அது மாதிரி, பாசம்தான் பெரிசு," என்று முடித்தான்.

பரீட்சகர் முதியவர். முகம் மலர்ந்தது. "பிள்ளையளுக்கு இப்பிடித்தான் சொல்லோணும். ஆற்றை யோசினை இது?"

"பூரணம் அக்கான்ரை."

"அவ எங்கை?"

மயூரதன் மேசையைப் பார்த்தான். தக்சாயினி மழையைப் பார்த்தார். விடை சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. அன்று கையில் புளியங்கொட்டை இல்லாதபோது பேசத் துடித்த வாய், இன்று எவரும் தடுக்காதபோது திறக்கவில்லை.

மூவருக்கும் முதற்றரப் புள்ளி. அவருடைய சொல்லுக்குக் கிடைத்த புள்ளி. அவருக்கு ஒன்றும் இல்லை.

29.11.2024, வெள்ளி

நேற்றுக் காலை தில்லைநாதன் சிவனடி சேர்ந்தார்.

மூன்று நாள் மழை. ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் படலையைத் திறந்தேன். பதினொரு ஆண்டுகளில் முதற்தடவை.

மகன் செந்தூரன் கைகுலுக்கவில்லை, ஏசவும் இல்லை. பந்தலில் என்னருகே வந்து இருந்தான். பிறகு சொன்னான்:

"நீங்கள் கோயில்லை படிக்கத் தொடங்கினால் அப்பா யன்னலைத் திறந்து விடச் சொல்லுவார். ஸ்பீக்கர் சத்தம் வடிவாய்க் கேக்கும். நீங்கள் படிச்சு நிப்பாட்ட, அவர் கட்டில்லை கிடந்து பயன் சொல்லுவார். இந்தச் சட்டிக்கும் சொன்னவர். குரல் இல்லை, வாய் மட்டும் அசையும்."

"ஆருக்குச் சொன்னவர், தம்பி?"

"ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை."

பதினொரு ஆண்டுகளாக எனக்குப் பயன் சொல்ல ஆள் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. படலையிலிருந்து கட்டிலுக்கு இருபது அடி. ஐந்தாம் திகதி கையை வைத்தேனே, தள்ளியிருந்தால் திறந்திருக்கும். பூட்டுக்கூட இல்லை.

பாடையருகே என்னை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், ஒருவர் பயன் சொல்லும் அளவு நேரம் நிறுத்தினேன். ஏன் நிறுத்துகிறேன் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று நான் வெட்டிய பயனை அவர் எப்படி முடிக்க இருந்தார் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

எரிந்து முடியும்வரை சுடலையில் நின்றேன்.

08.12.2024, ஞாயிறு

பஸ் ஏறினேன். ஒரு மணித்தியாலம்தான்.

மடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே மாமரத்தடியில் நின்று பார்த்தேன். பூரணம் பாயில் பிள்ளைகளின் நடுவே இருந்தார். ஒரு சின்னவன் திக்கித் திக்கி எதையோ சொல்ல முயன்றான். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்க, பூரணம் ஒரு விரலைத் தூக்கினார். எல்லோரும் அடங்கி, அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். தயாளினி ஆசிரியை பேணியில் கொண்டுவந்ததை இவர் ஒரு விரலில் வைத்திருந்தார். இவருக்கா நான் பயன் கற்பிக்கப் பார்த்தேன்?

பிள்ளைகள் போனபின் தேநீர் தந்தார். முகம் தரவில்லை.

"நீங்கள் சொல்லி முடிக்க முன்னம் அடுத்த பாட்டைத் தொடங்கினது என்ரை பிழை, தங்கச்சி. தெரியாமல் செய்யேல்லை. தெரிஞ்சுதான் செய்தனான்," என்றேன். இதற்கு யாப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

"ஓம். தெரிஞ்சு செய்தனியள் எண்டு எனக்கும் தெரியும். அதுதான் நான் வரேல்லை."

பாயைச் சுருட்டியபடி சொன்னார்: "நான் சொன்னது பிழையெண்டால் பிழையெண்டு சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்துகொண்டு நிண்டன், ஐயா. அண்டைக்கு ஒத்திகை பாக்க இந்தப் பிள்ளையளின்ரை தாய்மார் ரெண்டு பேர் வந்திருந்தவை. அடுத்த ஞாயிறு இஞ்சை வந்து எப்பிடிக் கதைச்சனான் எண்டு எனக்குத்தான் தெரியும்."

பரீட்சகர் புகழ்ந்ததைச் சொன்னேன். அவர் கண்ணில் ஒன்றும் அசையவில்லை. "மயூரதன் தம்பி போனிலை சொன்னவன். அழுதவன்," என்றார்.

பிறகு நான் வந்த காரணத்தைச் சொன்னேன். என் பெயரில் சான்றிதழ் இருக்கிறது. வகுப்பை அதில் பதியலாம். ஞாயிறுதோறும் நான் வந்து வாசிக்கிறேன். நடத்துபவர் அவரே.

அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். நான் அவசரப்படவில்லை; காத்திருந்தேன்.

"பிள்ளையளுக்காக ஓம். ஆனா என்னைப் பயன் சொல்லச் சொல்லிக் கேக்கப்படாது. ஒரு நாளும்."

30.12.2024, திங்கள்

பதிவு முடிந்தது. படிவத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர். உதவியாளர் என்ற இடத்தில் அவர் பெயர். பதினேழு ஆண்டுகள்! என் எழுத்து வடிவாக இருக்கிறதென்று கிளாக்கர் சொன்னார்.

05.01.2025, ஞாயிறு

மடத்தில் முதல் நாள். ஒக்ரோபரிலிருந்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கிடந்த ஐந்து புளியங்கொட்டைகளையும் பூரணத்திடம் கொடுத்தேன். வாங்கினார். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

பத்தொன்பது பிள்ளைகளில் பதின்மூவர் வந்தார்கள். வகுப்பு நிற்கப்போகிறது என்ற கதை பரவியதில் மற்றவர்கள் ரியூசனுக்குப் போய்விட்டார்களாம். ஞாயிறு காலையை ஒருவரும் திருப்பித் தரப்போவதில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

19.01.2025, ஞாயிறு

பாட்டை வாசித்து நிறுத்துகிறேன். பயன் சொல்ல யாரும் இல்லை. பூரணம் விளக்குத் திரியைத் திருத்துகிறார். சின்னவர்களின் மூக்கைத் துடைக்கிறார். பிள்ளைகள் அவரைப் பார்க்கிறார்கள். அவர் பாயைப் பார்க்கிறார்.

பயனை நானே சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. என்னால் முடியும். அழகாகவே சொல்வேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

02.02.2025, ஞாயிறு

தயாளினி ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு பிள்ளைகளை மூன்று குழுவாக இருத்தினேன். ஆளுக்கு ஐந்து கொட்டை. பாட்டின் பொருளைத் தாங்களே பேசிக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஒரு குழுவிலை ஒராளே கதைச்சால் என்ன செய்யிறது?" என்று கேட்டிருந்தேன்.

"அந்த ஆளை ஏசாதேங்கோ, ஐயா. கேக்கிற வேலையை அவருக்குக் குடுங்கோ. மற்றவை சொன்னதைக் கடைசியிலை அவர்தான் திருப்பிச் சொல்லோணும்."

என் பழைய உத்தியோகம்! அதைச் சம்பளத்துக்குச் செய்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தனுசியா என்ற சிறுமி தன் ஐந்தையும் முதல் ஐந்து நிமிடத்தில் செலவழித்துவிட்டு, அழுவாரைப் போல என்னைப் பார்த்தாள். "எனக்கும் உப்பிடித்தான், பிள்ளை," என்றேன். பூரணம் தலையைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரோ தெரியாது.

23.02.2025, ஞாயிறு

தனுசியா மற்ற மூவரும் சொன்னதை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னாள். பிழைகளோடு சேர்த்து. திருத்தவில்லை நான். அடுத்த குழு திருத்தியது.

தில்லைநாதனின் வீட்டு யன்னல் மூடியே இருக்கிறது. படலையைக் கடக்கும்போது, நடை தானாகவே தளர்ந்துவிடுகிறது.

09.03.2025, ஞாயிறு

இன்று அந்த இடம் வந்தது. தம்பியை இகழ்ந்த சூரன். விட்டு நீங்காத தம்பி. தள்ளி வைக்கலாமோ என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். தள்ளி வைப்பதும் ஒரு வெட்டுத்தான் என்று வாசித்தேன்.

நிறுத்தினேன்.

பிள்ளைகள் தங்களுக்குள் பேசினார்கள். பேசி, தடுமாறினார்கள். "ஏசினவனோடை ஏன் அவன் இன்னும் இருந்தவன்?" என்றாள் தனுசியா. ஒரு குழுவிடமும் விடை இல்லை. வெளியே யாரோ கிணற்றில் தண்ணீர் அள்ளும் சத்தம். நான் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தேன். எவ்வளவு நேரம் என்று அறியேன். அடுத்த பாட்டின் முதற்சொல் நாவில் நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன்.

பூரணம் சேலைத் தலைப்பை அவிழ்த்தார். ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் பாயின் நடுவே வைத்தார்.

"கோவத்திலை சோத்துக் கோப்பையைத் தள்ளிவிட்ட ஆளுக்கும் அடுத்த நேரம் சோறு போடுறம்தானே, பிள்ளையள். அது மாதிரி..."

நிறுத்தினார். நான் அசையவில்லை. என்னைப் பாராமலே முடித்தார்.

"அது மாதிரி, தம்பிக்குக் கோவம் போகேல்லை. விட்டிட்டும் போகேல்லை."

ஊழைப் பற்றி நான் படித்த உரைகள் எதிலும் இது இல்லை. பாட்டில் இருந்தது. அறுபது ஆண்டுகளாக வாசித்த பாட்டு.

அவர் முடித்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் சற்று நேரம் பொறுத்தே அடுத்த பாட்டைத் தொடங்கினேன். மீதி நான்கு கொட்டைகளையும் அவர் திரும்பவும் முடிந்துகொண்டார்.

என் காலத்துக்குப் பின் இக்கொப்பியை எடுத்து வாசிக்க நேர்பவர் எவராயினும், அவர் நலமே வாழ்க. அவர் மனையில் விளக்கு ஒளிர்க; அடுப்பு அணையாதிருக்க. அம்மனையில் உள்ள சிறியவர், முதியவர், பேச்சு வராதவர், பேசத் தயங்குபவர் ஒவ்வொருவருக்கும் தாம் சொல்லத் தொடங்கியதைச் சொல்லி முடிக்க நேரமும், இருந்து கேட்க ஒருவரும் என்றும் வாய்க்கும்படி எம்பெருமான் அருள் புரிவானாக.